எதிர்வீட்டுச் சாட்சி

தொண்ணூறு டாலருக்கு நான் காரைப் பின்னாடிகூட எடுக்க மாட்டேன். இதை அந்த ட்ரெவினிடம் நூறு தடவை சொல்லியாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பேரம் பேசுவது போலவே ஆரம்பிப்பான்.

"இடலீனா மேடம், ஒரு கையெழுத்து வேலை வந்திருக்கு. பால் பண்ணைக் கடன். இன்னிக்கே முடிஞ்சாகணும். தொண்ணூறு தர்றோம்."

"நூத்தி எழுபத்தஞ்சு."

"மேடம், ஒரு மணி நேர வேலைதானே?"

இந்த ஒரு வார்த்தை போதும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ட்ரெவின் உட்கார்ந்திருப்பது ஃப்ளோரிடாவில் ஏதோ ஒரு குளுகுளு அறையில். கடன் கொடுக்கிறவன் ஒருவன், பத்திரக் கம்பெனி ஒன்று, நடுவில் இவன் ஏஜென்சி. கடன் வாங்குகிறவர் வீட்டுக்கே போய் அடையாளம் பார்த்து, கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்து அனுப்புகிற நோட்டரி நான். எனக்கென்று பத்திரக் கம்பெனி கொடுப்பதில் பாதியை இவன் நடுவிலேயே கிள்ளிக்கொள்வான். அதற்கு மேல் பேரம் வேறு.

ஒரு மணி நேரமாம். மேஜையில் உட்காருகிற நேரம் மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். தலையணை உயரத்துக்குக் காகிதத்தை இரண்டு பிரதி அச்சடிப்பது யார்? பாதியில் மை தீர்ந்தால் கடைக்கு ஓடுவது யார்? ஹான்ஃபர்டிலிருந்து பிக்ஸ்லிக்கு அப்பால், வைக்கோல் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போவது யார்? போய்ச் சேர்ந்தால் வீட்டுக்காரர் மாடு கன்று போடுகிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்பார். உட்கார வேண்டும். திரும்பி வந்து எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பி, கூரியர் கடை மூடுவதற்குள் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதற்கான காசோலை, நான் நாலு தடவை ஞாபகப்படுத்தினால் ஒன்றரை மாதத்தில் வரும். கடன்காரர் கடைசி நிமிடத்தில் மனம் மாறிவிட்டால் அதுவும் வராது.

"வேற ஆளைப் பாத்துக்கோ, தம்பி" என்று வைத்துவிட்டேன்.

கவலையே படவில்லை. பதினான்கு வருடமாக இதே வேலை. அதற்கு முன் பத்திரக் கம்பெனி ஒன்றில் மேஜை வேலை. ஒரு பக்கம்கூடத் திரும்பி வராதபடி முடித்துக் கொடுப்பவர்கள் இந்த டுலேரி மாவட்டத்தில் மூன்று பேர் இருந்தால் அதிகம். தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் நினைத்தது போலவே காப்பி ஆறுவதற்குள் போன் வந்தது.

"சரி மேடம், நூத்தி எழுபத்தஞ்சு. பேர் எழுதிக்கோங்க. உர்பானோ டோஸ்ட்டே, ஒடீலியா டோஸ்ட்டே."

கையில் இருந்த பேனா நின்றுவிட்டது. உர்பானோ அண்ணனா! என் கல்யாண விருந்தில் வெந்த இறைச்சி அவர் பண்ணை மாடு. என் அப்பா இறந்த அன்று சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அவர் பண்ணை செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு வருகிறது என்று எங்கள் போர்த்துகீசு ஆட்கள் மத்தியில் தெரியாதவர் கிடையாது. இந்தப் புதுக் கடன் வந்து பேங்குக் கடனை அடைத்தால்தான் ஏலம் நிற்கும். இன்றைக்கு வெள்ளி. இன்று கையெழுத்தாகி, மாலை ஆறுக்குள் பெட்டி கூரியரில் ஏறினால் திங்களன்று பணம் பேங்குக்குப் போகும். ஏறாவிட்டால் ஐம்பது வருடப் பண்ணை போய்விடும்.

அவர் பெயரை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் தொண்ணூறுக்கும் போயிருப்பேன். சும்மாகூடப் போயிருப்பேன். ஆனால் அதை ட்ரெவினிடம் சொல்வேனா என்ன?

*

நான் போனபோது மூன்று மணி. சமையலறை மேஜையை ஒடீலியா அக்கா துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். முட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் காப்பியும் ஓரமாக இருந்தன. உர்பானோ அண்ணன் குளித்து, தலையைப் படிய வாரி, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்திருக்கும் பையன் போல் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயசு மனுஷன்.

"வா, தங்கச்சி. உன்னையே அனுப்பினாங்களே, கடவுள் இருக்காருடி."

"கடவுள் இருக்காரு அண்ணே, ஆனா அவரு வந்தாலும் நான் லைசன்ஸ் கேப்பேன். ரெண்டு பேரும் கார்டை எடுங்க."

அக்கா தன்னுடையதை எடுத்து நீட்டினாள். அண்ணன் அசையவில்லை. அவளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்களேன்" என்றாள் அக்கா. "நீங்க பண்ண வேலையை நீங்களே சொல்லுங்க."

"பர்ஸ் சாணிக் குட்டையில விழுந்துடுச்சு" என்றார் அண்ணன்.

"என்னது?"

"நேத்து மோட்டார் அடைச்சுக்கிச்சு. குனிஞ்சு பாத்தேன். மேல் பாக்கெட்டுல இருந்தது சறுக்கிட்டுப் போயிடுச்சு. கம்பு விட்டுத் துழாவிப் பாத்தேன். ஆயிரத்து இருநூறு மாட்டுச் சாணி, தங்கச்சி. அதுக்குள்ள போனது போனதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே கடிகாரத்தைப் பார்த்தேன். "பாஸ்போர்ட்?"

"இருக்கு. போர்த்துகீசுத் தீவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தப்ப எடுத்தது. அந்தப் படத்துல நான் அம்மா மடியில உக்காந்திருக்கேன்."

"அதுக்கப்புறம் எடுக்கவே இல்லையா?"

"எங்க போறேன்? மாட்டை யாரு கறப்பா?"

காலையிலேயே லைசன்ஸ் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். படமில்லாத ஒரு தாளைக் கொடுத்து, புது அட்டை தபாலில் வர மூன்று வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாள் எனக்கு உதவாது. எங்கள் கலிபோர்னியாவில் நோட்டரிக்கு யாரையுமே தெரியாது. பெற்ற தாயே எதிரில் உட்கார்ந்தாலும் அட்டையைக் காட்டு என்றுதான் கேட்க வேண்டும். எனக்கு இவரைத் தெரியும் என்று எழுதி முத்திரை வைத்தால் என் நோட்டரி உரிமமே போகும். அதோடு அந்த அடமானப் பத்திரமும் ஒரு நாள் கோர்ட்டில் நாறும்.

ட்ரெவினைக் கூப்பிட்டேன். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மேடம், அவர் லைசன்ஸோட காப்பி எங்க ஃபைல்ல இருக்கு. நம்பரை அனுப்பறேன், எழுதிக்கோங்க. உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"மேடம், இது முடியலைன்னா உங்களுக்கு ஒரு காசும் வராது. காகிதச் செலவுகூட வராது."

"மிரட்டுறியா? நான் முத்திரை வாங்கினப்ப நீ மீசைகூட முளைக்காத பையன். போனை வை, நான் பாத்துக்கறேன்."

போனை மேஜையில் வைத்தபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடலீனா, உனக்கு என்னைத் தெரியாதா?"

அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று குத்தியது. எனக்கு அழுகை சீக்கிரம் வராது. கோபம்தான் வரும். அன்று இரண்டும் சேர்ந்து வந்தது.

"இடலீனாவுக்குத் தெரியும் அண்ணே. இந்த முத்திரைக்குத் தெரியாது. இன்னிக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சேன்னா, நாளைக்கு எவனாவது வக்கீல் இந்தப் பேப்பரே செல்லாதுன்னு நிப்பான். அப்ப நீங்க எங்கே போவீங்க?"

ஒரு வழி இருந்தது. அட்டை இல்லாதவருக்கு, அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் வந்து, தங்கள் அட்டையைக் காட்டி, இவர் இன்னார்தான் என்று என் முன்னால் சத்தியம் செய்யலாம். அவர்கள் பெயர் பத்திரத்தில் இருக்கக் கூடாது, கடனில் பங்கு எதுவும் இருக்கக் கூடாது. அதனால் ஒடீலியா அக்கா ஆக மாட்டாள், சத்தியம் வாங்குகிற நானும் ஆக மாட்டேன். பத்திரக் கம்பெனிக்குப் போன் போட்டு, கடன் கொடுப்பவனிடமும் கேட்கச் சொல்லி, சரி என்று மின்னஞ்சலில் எழுதியே வாங்கிவிட்டேன். வாய்வார்த்தையை நான் நம்புவதில்லை.

"ரெண்டு பேரா? இதுக்கா இவ்வளவு? இந்த ரோடு முழுக்க எனக்குத் தெரிஞ்சவங்கதானே" என்று அண்ணன் எழுந்து போனை எடுத்தார்.

எடுத்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமை பரிசுத்த ஆவித் திருவிழா. ஊரிலிருக்கும் போர்த்துகீசுக் குடும்பம் அத்தனையும் டுலேரி மண்டபத்தில் இறைச்சி வெட்டிக்கொண்டும் ரொட்டி அடுக்கிக்கொண்டும் இருந்தது. அந்த இரைச்சலில் யார் போனை எடுப்பார்கள்? அக்கா தன் பங்குக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டாள். எடுத்த ஒருத்தியும், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். பண்ணையில் பால் கறக்கிற பையன்கள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களிடம் போய் அட்டையை எடு, சத்தியம் பண்ணு என்று நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு இந்த நாட்டில் தங்கவே காகிதம் கிடையாது, அவரவர் கஷ்டம் அவரவருக்கு.

அப்போதுதான் வாசலில் பெரிய ஹார்ன் சத்தம் கேட்டது. பால் டேங்கர்.

"ஹர்விந்தர்!" என்று கத்திக்கொண்டு அக்கா செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

ஹர்விந்தர் பதினோரு வருடமாக அந்தப் பண்ணைப் பாலை ஏற்றிக்கொண்டு போகிறவர். நீலத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, தொந்தி. டேங்கர் ஓட்டுகிறவரிடம் லைசன்ஸ் இல்லாமல் இருக்குமா? பால் குழாயை மாட்டிவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சாணியிலயா? பாஸ், பதினோரு வருஷமா உங்க பால் சுத்தமா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டுட்டிருக்கேன். உங்களுக்குப் போட மாட்டேனா?"

சத்தியம் வாங்கினேன். ஒவ்வொரு கேள்விக்கும் ராணுவத்தில் சொல்வது போல் விறைப்பாக ஆமாம் ஆமாம் என்றார். என் நோட்டரிப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். ஒருவர் முடிந்தது.

"இன்னொருத்தர்?" என்றேன்.

ஒடீலியா அக்காவின் கண் ஜன்னல் வழியாகச் சாலைக்கு அந்தப் பக்கம் போயிற்று. எதிரே, வேலிக்குப் பின்னால், ஒரு வீட்டின் முன் பழைய பச்சை நிற வண்டி நின்றிருந்தது.

"வேண்டாம்" என்றார் அண்ணன். "அவன் மட்டும் வேண்டாம். பண்ணை போனாலும் போகட்டும்."

அது அவருடைய அண்ணன் செஃபெரினோவின் வீடு. அப்பா இறந்தபோது பண்ணையைச் சாலையை எல்லையாக வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், வறட்சி உச்சத்தில், உர்பானோ கடன் வாங்கி ஆழமாக ஒரு கிணறு தோண்டினார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அந்த மாதமே எதிர்ப்பக்கத்தில் செஃபெரினோவின் கிணறு வறண்டது. அவர் மாடுகள் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றன. பால் வற்றி, நூறு மாட்டை விற்று, அப்புறம்தான் அவரும் ஆழமாகத் தோண்டினார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. கேட்டால், எனக்குத் தம்பி என்று யாரும் இல்லை, அந்தாளை எனக்குத் தெரியாது என்பார். கோயிலில்கூடச் சொல்லியிருக்கிறார். உர்பானோவை மூழ்கடித்ததும் அந்தக் கிணற்றுக் கடன்தான். இந்த வருடத் திருவிழாவுக்கு உர்பானோ தலைவர் என்பதால் செஃபெரினோ மண்டபத்துப் பக்கமே போகவில்லை. அதனால்தான் அந்தச் சாலையில் அவர் ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தார்.

"ஏலத்துல எடுக்கறதுக்கு அவன் பணத்தோட ரெடியா இருக்கான், தெரியுமா உனக்கு?" என்றார் உர்பானோ அண்ணன். "பேங்குல போய் விசாரிச்சுட்டு வந்திருக்கான். எப்படா நான் வெளியே போவேன்னு பாத்துட்டிருக்கான். அவனா வந்து சத்தியம் பண்ணுவான்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"உங்க ரோஷத்தைக் கட்டிக் காக்க எனக்கு யாரும் சம்பளம் தரலை, அண்ணே. அக்காவும் சேர்ந்துதான் இந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போடறா. அவ சொல்லட்டும். போகவா, வேண்டாமா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போ, இடலீனா" என்றாள்.

போகிற வழியில் விசாலியாவுக்குப் போன் போட்டேன். அங்கே ஐந்து மணிக்கு ஒரு கையெழுத்து ஒப்புக்கொண்டிருந்தேன், நூற்றைம்பது டாலர். வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது. பொய் சொல்வானேன்.

*

செஃபெரினோ கன்றுக்குட்டிகளுக்குப் பால் புட்டி மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். உர்பானோவைவிட நாலு வயது மூத்தவர், அதே மூக்கு, அதே காது.

"என்ன பொண்ணே, வழி தவறி வந்துட்டியா?"

"வழி தவறலை. ஒரு சாட்சி வேணும், வந்திருக்கேன்." நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பர்ஸ் சாணிக் குட்டைக்குள் போனதைச் சொன்னபோது அவர் மீசை லேசாகத் துடித்தது. ஆனால் முகம் மாறவில்லை.

"அந்தாளை எனக்குத் தெரியாது" என்றார்.

"சரி."

"என்ன சரி?"

"தெரியாதுன்னா சாட்சி சொல்ல முடியாது. விஷயம் முடிஞ்சுது. நான் கெஞ்ச வரலை அண்ணே. கட்டாயப்படுத்திச் சத்தியம் வாங்கினா அது செல்லாது. உங்களைக் கேக்கணும், கேட்டுட்டேன்."

கன்று ஒன்று அவர் கையை நக்கியது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு என்ன கிடைக்கும் இதுல?"

"கையெழுத்து ஆனா நூத்தி எழுபத்தஞ்சு. ஆகலைன்னா ஒண்ணுமில்ல."

"அதான் ரோட்டைத் தாண்டி ஓடி வர்றே."

"ஆமா. பின்ன? மூணு பெட்ரோல் பங்க் தாண்டி, மை வாங்கி, மத்தியானம் சாப்பிடாம வந்திருக்கேன். காசு வேண்டாம்னு சொல்ல நான் என்ன கன்னியாஸ்திரீயா? இதுக்காக இன்னொரு வேலையையும் விட்டுட்டேன். ஆனா நான் காசை அடுத்த வாரம் வேற எங்கேயாவது சம்பாதிச்சுக்குவேன். அவங்க பண்ணை அடுத்த வாரம் இருக்காது."

"செவ்வாய்க்கிழமை ஏலம்" என்றார்.

"தெரியும்."

"நான் போகலாம்னு இருக்கேன்."

"அதுவும் தெரியும். ஊருக்கே தெரியும். ஆறு மணிக்கு டுலேரி கூரியர் கடை மூடிடுவான். அஞ்சு மணிக்கு நான் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிடுவேன், கையெழுத்தோடயோ இல்லாமயோ. அப்புறம் யோசிச்சுப் பிரயோஜனம் இல்லை."

அவர் முதுகைத் திருப்பி அடுத்த கன்றுக்குப் புட்டியை மாட்டினார். நான் நடந்து வந்துவிட்டேன்.

*

இந்தப் பக்கம் டேங்கர் நிறைந்து வெகுநேரமாகியிருந்தது. ஹர்விந்தர் கிளம்பவில்லை. "இந்த முடிவைப் பாக்காம போனா எனக்கு ராத்திரி தூக்கம் வராது மேடம்" என்று இனிப்பு ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முத்திரை தேவைப்படாத காகிதங்களில் அக்காவிடமும் அண்ணனிடமும் கையெழுத்து வாங்கி முடித்துவிட்டேன். அடமானப் பத்திரம் மட்டும், அக்காவின் கையெழுத்தோடு, மேஜை நடுவில் கிடந்தது. அதற்குத்தான் எல்லாம்.

நாலே முக்கால் ஆயிற்று. அண்ணன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"மூட்டை கட்டு, தங்கச்சி. உன் நேரத்தையும் வீணடிச்சுட்டேன்."

"உக்காருங்க. என் நேரத்தை எப்படி வீணடிக்கணும்னு எனக்குத் தெரியும்."

சமையலறைக் கதவு தட்டப்படவில்லை. திறந்தது, அவ்வளவுதான்.

செஃபெரினோ நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை மாற்றி, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். கையில் லைசன்ஸ். ஒன்பது வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் கால் வைக்கிறார். தம்பி பக்கம் திரும்பவில்லை. நேராக என்னிடம் அட்டையை நீட்டினார். ஒடீலியா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்தில் குரல் கம்மினால் தொழில் கெட்டுவிடும். பதிவேட்டில் அவர் அட்டையைக் குறித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கச் சொன்னேன்.

"நான் கேக்கறதுக்கெல்லாம் உண்மையைத்தான் சொல்லுவேன்னு சத்தியம் பண்றீங்களா?"

"பண்றேன்."

"இந்தப் பத்திரத்துல உங்க பேர் இருக்கா?"

"இல்லை."

"இந்தக் கடனால உங்களுக்கு ஏதாவது லாபம் உண்டா?"

"லாபமா? இது நடக்காம போனாத்தான் எனக்கு லாபம்."

ஹர்விந்தருக்குப் புரையேறியது. நான் முறைத்தேன்.

"உண்டா இல்லையான்னு சொல்லுங்க."

"இல்லை."

"இவர்கிட்ட வேற அடையாள அட்டை எதுவும் இல்லைன்னும், இப்போதைக்கு வாங்கறது ரொம்பக் கஷ்டம்னும் நம்பறீங்களா?"

"நல்லா நம்பறேன். இவன் பத்து வயசுல அப்பா கடிகாரத்தைக் கிணத்துல போட்டவன். பர்ஸைச் சாணியில போடறதுக்கு என்ன?"

உர்பானோ அண்ணன் தலை நிமிர்ந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கையைக் காட்டி அடக்கினேன். கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. அதைத்தான் நான் முதலிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன்.

"எதிர்ல உக்காந்திருக்கறவரை உங்களுக்கு நேர்ல தெரியுமா? யாருன்னு பேர் சொல்லணும்."

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. அவர் அப்போதுதான் தம்பியைப் பார்த்தார். உர்பானோ பார்வையைத் தாழ்த்தவில்லை. அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோயிலில் நின்று ஊரறியத் தெரியாது என்ற மனுஷன். சத்தியமென்றால் பயப்படுகிற மனுஷன். பொய் சொன்னாலும் பண்ணை போகும், வாய் திறக்காமல் திரும்பிப் போனாலும் பண்ணை போகும்.

"தெரியும்" என்றார். "உர்பானோ டோஸ்ட்டே. மானுவேல் டோஸ்ட்டேயோட ரெண்டாவது மகன். எனக்கு அடுத்தவன்."

நான் கேட்டதற்கு மேலாகவே சொல்லிவிட்டார். பதிவேட்டை நகர்த்தினேன், கையெழுத்திட்டார். அடமானப் பத்திரத்தை உர்பானோ பக்கம் தள்ளினேன். அவர் பேனாவை எடுத்தார்.

"கண்ணைத் தொடைச்சுட்டுப் போடுங்க அண்ணே. காகிதத்துல சொட்டினா மறுபடி அடிக்கறதுக்கு என்கிட்ட மை இல்லை."

போட்டார். கட்டைவிரல் ரேகை எடுத்தேன். காலமெல்லாம் மாடு கறந்தவர் விரலில் ரேகை எங்கே இருக்கிறது, மூன்று தடவை அழுத்தினோம். முத்திரையைக் குத்தி, கையெழுத்திட்டு, எல்லாவற்றையும் கூரியர் பெட்டியில் போட்டு ஒட்டினேன். ஹர்விந்தர் உர்பானோவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பால் திரிந்துவிடும் என்று ஓடினார்.

செஃபெரினோ மட்டும் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஏலம்?" என்று என்னைக் கேட்டார்.

"திங்கக்கிழமை பேங்குக்குப் பணம் போயிடும். ஏலம் கிடையாது."

"ஹூம். மூணு மாசமா அந்தக் காசை வேற எதுலயும் போடாம வெச்சிருந்தேன்."

"வாங்கியிருந்தா எங்களை எங்கே துரத்தியிருப்பே?" என்றது ஒரு குரல். உர்பானோ. ஒன்பது வருடத்தில் அண்ணனிடம் பேசுகிற முதல் பேச்சு, அதுவும் சண்டைக் குரலில்.

"எங்கே துரத்தறது? இங்கேயேதான் இருந்திருப்பீங்க. வாடகைக்கு. எவனோ அசலூர்க்காரன் வாங்கி இடிச்சுப் போட்டுட்டுப் போறதுக்கா நான் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

"வாடகையா? உனக்கா?" உர்பானோ எழுந்துவிட்டார். "ஒரு காசு குடுத்திருக்க மாட்டேன்!"

செஃபெரினோ கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, அக்கா இழுத்துப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குடுக்க மாட்டேதான்" என்றார். "உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதாடா?"